நூறுக்குக் கீழே

ஜனவரி 19, திங்கள்

நர்ஸ் செண்பகம் எழுதச் சொன்னார். மாத்திரை போட்ட நேரம், உடம்புக்கு என்ன செய்கிறது, என்ன சாப்பிட்டேன். "பெருசா வேண்டாம் அண்ணாச்சி, ஒரு வரி போதும். ஆறு மாசம் ஓட்டணும்லா, மனசுல நிக்காது."

காலை 6.10. வெறும் வயிறு. நாலு மாத்திரை, செங்கல் நிறம்.

கழுத்தின் இடப்பக்கம் அக்டோபரில் வந்த கட்டி டி.பி. என்று போன வாரம்தான் தெரிந்தது. நுரையீரலில் இல்லை, இருமினாலும் யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். என் மனைவி ஹெப்சி மூன்றாவது தடவையும் கேட்டாள். அப்படியும் பஸ்ஸில் வரும்போதே இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம், யாரிடமும் சொல்வதில்லை என்று. நான் வேலை பார்ப்பது மீன் ஏற்றுமதிக் கம்பெனி. பத்தொன்பது வருஷமாக அதன் லேப் என் பொறுப்பு. டி.பி. என்ற இரண்டு எழுத்து காதில் விழுந்தால் அப்புறம் எந்தக் கழுத்து, எந்த நுரையீரல் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கம்பெனியில் கேட்டால் கொழுப்புக் கட்டி, எடுத்தாகிவிட்டது.

ஜனவரி 20

6.05. சிறுநீர் ஆரஞ்சுப் பழச்சாறு மாதிரி போகிறது. முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் பயந்தேன்.

ஜனவரி 24

6.15. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. முட்டை, பயறு, மீன் நிறையச் சாப்பிடச் சொல்கிறார் செண்பகம். மீனை நினைத்தாலே குமட்டுகிறது. நாள் முழுவதும் மீன் நடுவில் இருக்கிறவனுக்கு வரக்கூடாத வியாதி.

ஜனவரி 31, சனி

6.00. எடை 55. போன வருஷம் 64.

கேன்டீனில் சமைக்கிற மிக்கேலம்மா இன்று டீயை லேபுக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்திருக்கிறார்.

"பத்து மணிக்கு நீங்க கீழ வரலன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கு சார். என்ன இப்படி எளைச்சுப் போனீங்க?"

"வேலை ஜாஸ்தி."

அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருஷத்தில் இன்றுதான் கேட்டார். "இதுல என்னதான் பாக்கீங்க? மீன் கெட்டுருக்கான்னு மோந்து பாத்தா தெரியாதா?"

சூரை மீனில் தெரியாது என்றேன். பிடித்த மீனை உடனே ஐஸில் போடாவிட்டால் அதன் செவுளிலும் குடலிலும் இருக்கிற பாக்டீரியா சதைக்குள் போய், சதையில் உள்ள ஒரு சத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதற்கு வாசனை இல்லை. மீன் பார்க்கப் புதுசாகவே இருக்கும். சில பாக்டீரியா ஐஸ் குளிரிலும் மெதுவாக வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். கிலோவுக்கு நூறு மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நாங்கள் விடுவோம். நல்ல மீனில் பத்துகூட இருக்காது.

"கொதிக்க வச்சா செத்துராதா?"

"பாக்டீரியா செத்துரும். அது செஞ்சு வச்சது சாகாது. வேக வச்சாலும் இருக்கும், உறைய வச்சாலும் இருக்கும்."

"சனியன்," என்றார். டம்ளரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

பிப்ரவரி 9

6.20. அசதி. பஸ்ஸில் தூங்கி இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

பிப்ரவரி 14

6.10. அசதி.

பிப்ரவரி 26, வியாழன்

6.10. மதியத்துக்கு மேல் சூரை லாரி வந்தது. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டது. ஐஸ் உருகியிருந்தது, புது ஐஸ் போடச் சொன்னேன். ஒரு மீனில் மட்டும் ஹிஸ்டமின் பார்த்தேன், 42. கையெழுத்துப் போட்டேன். வயிறு வெடித்த மீனைத் தனியாக எடுத்துவிட்டார்கள். நாளைக்குக் கேன்டீனுக்கு.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்று எழுத முடியவில்லை. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 28, சனி

மாத்திரை போடவில்லை. வயிற்றில் தண்ணீர்கூடத் தங்கவில்லை.

நேற்று நடந்தது. தவக்காலத்து வெள்ளி என்பதால் கேன்டீனில் கறி கிடையாது, சூரை புளிக்குழம்பு. ஒரு மாசமாக மீன் பக்கம் போகாதவனுக்கு நேற்று பசி எடுத்தது. மிக்கேலம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லாருக்கும் ஒரு துண்டு, எனக்கு மூன்று. "தின்னுங்க சார், எலும்புல ஒட்டட்டும்."

சாப்பிட்டுக் கால் மணி நேரம் இருக்கும். நாக்கில் மிளகைக் கடித்தது மாதிரி ஒரு காந்தல். முகம் அடுப்பு முன்னால் உட்கார்ந்த மாதிரி எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன், கழுத்து வரை சிவப்பு. தலைக்குள் யாரோ சுத்தியலால் அடித்தார்கள். ஹிஸ்டமின் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பாடமாகப் படித்தவன், மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தவன். ஆனால் 42-க்கு இப்படி ஆகாது. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாந்தி வந்தது. எழுந்தேன், தரை சாய்ந்தது.

கம்பெனி வேனில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மேனேஜர் சிவதாணு சாரே கூட வந்தார். ஊசி, டிரிப். ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கியிருந்ததாம். டாக்டர் கேட்டார், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

சிவதாணு சார் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல டாக்டர்."

கேன்டீனில் அறுபது பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த பயத்தில் நாலு பெண்கள் தங்களுக்கும் தலைசுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார்களாம். சோடா குடித்ததும் சரியாகிவிட்டது. நிஜமாக விழுந்தது நான் மட்டும்.

மார்ச் 2, திங்கள்

6.30. மாத்திரை மறுபடி ஆரம்பித்தேன்.

வேலைக்குப் போனேன். கேன்டீனில் வேறு ஆள். மிக்கேலம்மாவைச் சனிக்கிழமையே நிறுத்திவிட்டார்கள்.

சிவதாணு சாரிடம் கேட்டேன். "நீங்கதான லேப்ல பாத்து விட்டீங்க? 42. அப்போ மீன் சரி. மீன் சரின்னா தப்பு அடுப்படில," என்றார். "நல்ல மீன வெளிய வித்துட்டுப் பழசப் போட்டுருக்கான்னு பசங்க சொல்லுதாங்க."

இது சமையலில் வருகிற விஷயம் இல்லை சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியானால் எதில் வந்தது என்று அடுத்துக் கேட்பார். "சரி சார்" என்று வந்துவிட்டேன்.

மார்ச் 3

6.10. ஒவ்வொரு லோடிலும் கொஞ்சம் மீன் எடுத்து உறைய வைத்திருப்போம். வியாழக்கிழமை லோடை எடுத்து மூன்று மீனில் பார்த்தேன். 67, 84, 91.

நூறுக்குக் கீழேதான். சட்டப்படி நல்ல மீன். நல்ல உடம்புள்ள ஆளை இது ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த லோடைப் பிடித்த படகின் மீனில் இதற்கு முன்னால் பன்னிரண்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை. பாக்டீரியா வளர்க்கிற தட்டிலும் கொஞ்சம் பரப்பி வைத்தேன்.

மார்ச் 4

6.15. வாசலில் மிக்கேலம்மா. காவலாளி உள்ளே விடவில்லை. கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார், "இப்போ தேவலையா சார்?"

"தேவல."

"நாலு தண்ணி கழுவினேன் சார். மஞ்ச போட்டுக் கழுவினேன். என் பிள்ளைக்கு வைக்கிற மாதிரித்தான் வச்சேன். நீங்க சொன்னா மேனேஜர் பெரியவர் கேப்பாரு. ஒரு வார்த்த சொல்லுங்க."

பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 5

6.10. தட்டில் ஊதா நிறப் புள்ளிகள். ஹிஸ்டமின் செய்கிற வகை மட்டும் இந்தத் தட்டில் ஊதாவாக வளரும். எண்ணினேன், நிறைய. தட்டுகளைக் கொதிக்க வைத்துக் கழுவிவிட்டேன். எண்ணிக்கையைப் பதிவேட்டில் இன்னும் எழுதவில்லை.

மார்ச் 7, சனி

6.00. சுகாதார நிலையத்துக்குப் போனேன். இரண்டு நாள் மாத்திரை விட்டதைச் செண்பகத்திடம் சொல்லத்தான் போனேன். ஏன் விட்டீர்கள் என்றார். நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

"என்ன மீன் அண்ணாச்சி?"

"சூரை."

"ஐயோ."

அலமாரியிலிருந்து பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நான் தினமும் போடுகிற மாத்திரையில் ஒரு மருந்து, ஹிஸ்டமினை உடைக்கிற நொதியை உடம்பில் வேலை செய்ய விடாமல் தடுத்துவிடுமாம். மற்றவர்கள் உடம்பு சத்தமில்லாமல் உடைத்து வெளியேற்றுகிற அளவு, எனக்கு விஷம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சூரையைத் தவிர்க்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி.

"மீன் சாப்பிடுங்கன்னு நாந்தான் சொன்னேன்," என்றார் செண்பகம். கண் கலங்கிவிட்டது. "எந்த மீன்னு சொல்லியிருக்கணும்."

உங்கள் மேல் தப்பில்லை என்றேன். ஹிஸ்டமினை நான் பத்தொன்பது வருஷமாக அளக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் நின்றேன். மிக்கேலம்மாவின் சட்டியில் எந்தத் தப்பும் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் மாத்திரையைச் சொல்ல வேண்டும். மாத்திரையைச் சொன்னால் வியாதியைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

6.20. கோவிலுக்குப் போகவில்லை. ஹெப்சியிடம் சொன்னேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இப்போ சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தம்மா வேற எங்கயாவது வேலை பாத்துக்கிடுவாங்க. உங்கள வெளிய அனுப்பிட்டா நாப்பத்தாறு வயசுல எவன் கூப்பிடுவான்?"

"அவங்கள கள்ளின்னு சொல்லுதாங்க ஹெப்சி."

"நம்மள என்ன சொல்லுவாங்க?"

ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நோட்டில் நான் பொய் எழுதியிருக்கிறேன். 26-ம் தேதி லாரி "கொஞ்ச நேரம்" நிற்கவில்லை. இரண்டு மணி பத்து நிமிஷம் நின்றது. நான் மீனின் குளிர்ச்சியைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் பெட்டியை இறக்க மாட்டார்கள். நான் லேபில் மேஜை மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள், கேட்டது. கனவு என்று நினைத்தேனோ, எழுந்திருக்க முடியாமல் அப்படி நினைத்துக்கொண்டேனோ. வெயில், உருகின ஐஸ், நாற்பது பெட்டி சூரை. டிரைவர் நல்ல மனுஷன், யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9

6.10. அசதி.

மார்ச் 10

6.10. நாளைக்குச் சொல்லிவிடலாம்.

மார்ச் 11

6.15.

மார்ச் 13, வெள்ளி

6.10. துறைமுகச் சாலையில் பஸ் நின்றபோது இறால் உரிக்கிற கொட்டகையில் மிக்கேலம்மாவைப் பார்த்தேன். எல்லாரும் நின்றுகொண்டே உரிக்கிற இடம். அவர் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார், மறுபடி மாற்றினார். ஐஸ் தண்ணீருக்குள் இரண்டு கையும். பஸ் கிளம்புகிற வரைக்கும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்திருந்தால் நான் முகத்தைத் திருப்பியிருப்பேன்.

மார்ச் 17, செவ்வாய்

6.00. வெள்ளிக்கிழமை வெளிநாட்டில் எங்கள் மீனை வாங்குகிற கம்பெனியின் ஆட்கள் தணிக்கைக்கு வருகிறார்கள். கேன்டீன் சம்பவத்துக்கு ஓர் அறிக்கை வேண்டும். சிவதாணு சார் ஆங்கிலத்தில் அடித்தே வைத்திருக்கிறார். மீன் தரமானது, சமையல்காரரின் சுகாதாரக் குறைவே காரணம், அவர் நீக்கப்பட்டார். கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம்.

"படிச்சுப் பாத்துட்டு நாளைக்குக் காலைல போட்டுக் குடுங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹெப்சியும் படித்தாள். படித்துவிட்டு மடித்து என் பையில் வைத்தாள். "சோறு வைக்கவா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாள், "அந்தம்மா பேர இதுல தப்பா எழுதியிருக்காங்க. பேரக்கூடச் சரியா எழுதல."

எனக்கு அது போதுமாக இருந்தது.

மார்ச் 18, புதன்

5.50. விடிந்ததும் உட்கார்ந்து ஒரு பக்கம் தமிழில் எழுதினேன். மாத்திரை, லாரி நின்ற நேரம், 67, 84, 91, ஊதாப் புள்ளிகளின் எண்ணிக்கை. எல்லாம்.

ஒன்பதரைக்கு அறைக்குள் போனேன். சிவதாணு சார் பேனாவை நீட்டினார். வாங்கவில்லை.

"அறிக்கை தப்பு சார். சமையல்ல ஒண்ணும் இல்ல. எனக்கு டி.பி. ரெண்டு மாசமா மாத்திரை சாப்பிடுதேன். அந்த மாத்திரையோட சூரை சேராது. அதான் எனக்கு மட்டும் வந்தது."

அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலி மட்டும் கிரீச்சென்று சுவர் வரைக்கும் பின்னால் போனது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். என்னைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, மூக்குக்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"கழுத்துலதான் சார். ஒட்டாது. டாக்டர் சீட்டு வச்சிருக்கேன்."

"ரெண்டு மாசமா லேப்ல இருக்கீங்க. சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு சார்."

ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு முகம் மாறியது. கணக்குப் போடுகிற முகம். "அப்போ மீனும் சரி, கிச்சனும் சரி. உங்க உடம்புதான். அப்படியே எழுதிரலாம். இன்னும் நல்லது."

"மீனும் சரியில்ல சார். லாரி ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னுச்சு. நான் தூங்கிட்டேன்." எழுதின தாளை மேஜை மேல் வைத்தேன்.

படித்தார். "91தான? நூறுக்குக் கீழ. இதுல என்ன இருக்கு?"

"நூறுங்கிறது நல்லா இருக்கிறவங்களுக்கு சார். இதே மாத்திரை சாப்பிடுற இன்னொருத்தன் வெளிநாட்டுல இந்த மீன அடைச்ச டப்பாவத் திறப்பான்லா. மூணு மீன்தான் பாத்திருக்கேன். நாப்பது பெட்டி இருக்கு. நூறத் தாண்டினது உள்ள இருக்கலாம். மறுபடி பாக்கணும்."

"லாரிக் கதைய விடுங்க ஞானதுரை. உங்க வியாதி போதும்."

பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னிடம் குரலை இவ்வளவு தணித்துப் பேசியதில்லை. தாளை டிராயருக்குள் வைத்தார். சீட்டை அனுப்புங்கள், கூப்பிடும்வரை லீவில் இருங்கள் என்றார்.

"மிக்கேலம்மா?"

"பாப்போம்."

லேபுக்குப் போனேன். 5-ம் தேதிக்கு நேரே எழுதாமல் விட்டிருந்த எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதினேன். பிப்ரவரி 26 லோடுக்கு நேராகச் சிவப்பு மையில் 'நிறுத்தி வைக்கவும், மறுசோதனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிராயர் அவருடையது. பதிவேடு தணிக்கைக்காரர்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பது.

படியிறங்கும்போது அசதி மட்டும்தான். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 19

6.30. வீடு. ஹெப்சி வேலைக்குப் போகுமுன் சொன்னாள், "கதவத் திறந்தே போடுங்க. காத்து வரட்டும்."

மார்ச் 22

6.15. லேபில் நான் உட்கார்ந்த நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்களாம். லாரி டிரைவர் போனில் சொன்னார். சிரித்தார், நானும் சிரித்தேன். சூரைப் பெட்டிகள் இன்னும் குளிர்கிடங்கில்தான் இருக்கின்றனவாம். தணிக்கைக்காரர்கள் பதிவேட்டைப் பார்த்துவிட்டு மறுசோதனை கேட்டிருக்கிறார்கள்.

மார்ச் 25

6.10. மறுசோதனையில் நூறைத் தாண்டிய மீன்கள் இருந்ததாக டிரைவர் சொன்னார். லோடு போகாது. எனக்கு வேலை இருக்குமா என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னார். இந்தத் திங்கட்கிழமையிலிருந்தே மிக்கேலம்மா கேன்டீனில்தான். புது ஆள் வைத்த சாம்பாரை யாரும் தொடவில்லையாம், அதனால் கூப்பிட்டுவிட்டார்கள்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

6.10.

பத்து மணிக்கு மிக்கேலம்மா வந்தார். பூசை முடிந்து நேராக வந்திருக்கிறார், கையில் ஓலை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார், எனக்குப் பக்கத்து நாற்காலியில். ஹெப்சி டீ கொடுத்தாள். குடித்தார். விஷயம் வெளியே தெரிந்த இந்தப் பதினொரு நாளில் எங்கள் வீட்டில் டம்ளரைத் தொட்ட முதல் வெளியாள்.

"ஒட்டாது," என்றேன் நானாகவே.

"எனக்கு அது பயமில்ல சார்." டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்குதேன். என் மேல தப்பில்லன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஏழாம் தேதி."

"பெரியவர்ட்ட எப்போ சொன்னீங்க?"

"பதினெட்டு."

விரல் விட்டு எண்ணினார். விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் வெளுத்துப் பிளந்திருந்தது. ஐஸ் தண்ணீரும் இறால் ஓடும் செய்கிற வேலை.

"பதினோரு நாள்," என்றார்.

"லாரி நின்னதும் என்னாலதான் மிக்கேலம்மா. தூங்கிட்டேன்."

"அதுவும் கேள்விப்பட்டேன். சீக்காளி தூங்குவான், அதச் சொல்லல. இந்தப் பதினோரு நாளச் சொல்லுதேன். எங்க தெருவுல குழாயடில ஒருத்தியும் முகம் குடுத்துப் பேசல. மீன வித்துத் தின்னவன்னு."

ஹெப்சி அடுப்படி வாசலில் நின்றாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லுறதுக்கு வரல சார். இன்னும் மனசு வரல. பெரியவர் கூப்பிட்டு, 'நாளைலேர்ந்து வந்துரு'ன்னாரு. அவ்வளவுதான். ஏன் போகச் சொன்னாங்க, ஏன் வரச் சொல்லுதாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. உங்கள விழுத்துனது என் குழம்பு இல்லன்னு உங்க வாயால கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

"உங்க குழம்பு இல்ல."

"கேக்கல சார்."

எழுந்து நின்று சத்தமாகவே சொன்னேன். "என்னைய விழுத்துனது உங்க குழம்பு இல்ல மிக்கேலம்மா. என் டி.பி. மாத்திரையும் நான் தூங்கினதும்தான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சரி. வாரேன்."

வாசல் கதவு திறந்தே இருந்தது. எதிர் வீட்டுக்காரர் பைக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, கையில் துணியோடு எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போட்ட சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.